பூச்சி மருந்து தொடங்கிய மலை

கண்டியிலிருந்து வடக்கே பிரியும் ரயில் பாதை மாத்தளையோடு முடிந்துவிடும். 1880இல் திறந்த அந்தக் கிளைப் பாதையில் கடைசி ஊருக்குச் சற்று முன்னால் வருவது உக்குவளை. இலங்கைப் பாடப் புத்தகங்களில் இந்த ஊரின் பெயர் அடிபடுவது பெரும்பாலும் மின்சாரத்துக்காக. பொல்கொல்லையில் மறித்த மகாவலித் தண்ணீர் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் மலையைக் கடந்து வந்து, 1976 முதல் இங்கே சுழலிகளைச் சுற்றிவிட்டுச் சுதுகங்கையில் கலக்கிறது. மருத்துவ வரலாறு படிப்பவர்களுக்கோ மாத்தளைப் பக்கம் வேறொரு காரணத்தால் பழக்கம். கொழுக்கிப்புழுவை ஒழிக்க அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கையில் நடத்திய இயக்கம் 1916இல் இந்தப் பகுதித் தோட்டங்களில்தான் தொடங்கியது.

வந்தவர்கள் பார்க்க வந்தது குடலை. இருதயம் அவர்கள் பட்டியலில் இல்லை. ஆனாலும் மாத்தளைப் பெண்களின் இருதயத்துக்கு ஒரு வரலாறு எழுதப் போனால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேலாக இந்த மலைகளில் ஒரு பெண்ணின் நெஞ்சைக் கெடுத்தது எதுவானாலும், அது வேறொரு நோயின் பதிவேட்டிலேயே எழுதப்பட்டு வந்திருக்கிறது. முதலில் புழு, பிறகு தொண்டைக் காய்ச்சல், அடுப்படிப் புகை, பிள்ளைப்பேறு, கடைசியாகப் புற்றுநோய்.

தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வரத் தொடங்கிய காலத்தில் மலைநாட்டின் வாசல் மாத்தளைதான். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி நடந்து வந்தவர்கள் முதலில் கண்ட மலையூர் இது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து திரும்பியவர்களில் ஆண்களே அதிகம். 1869இல் இலை நோய் வந்து கோப்பி அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தாழ்ந்த சரிவுகளில் கொக்கோவும் ரப்பரும் வந்தன. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுக்கக் கொழுந்து கிள்ள விரல்கள் வேண்டும். அப்படித்தான் பெண்கள் குடும்பத்தோடு வந்து லயங்களில் நிரந்தரமானார்கள்.

லயம் என்றால் நீள வாக்கில் ஒட்டிக் கட்டிய காம்பராக்கள். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. கக்கூஸ் என்று எதுவும் பல தோட்டங்களில் இல்லை. தேயிலைச் செடிக்கு இடையிலும் ஆற்றோரத்திலும்தான் எல்லாம். மலைக்கு ஏறுவதும் இறங்குவதும் வெறுங்காலில். ஈரமண், நிழல், வெப்பம் மூன்றும் சேர்ந்த அந்த நிலம் கொழுக்கிப்புழுவுக்கு வாய்த்த இடம்.

இந்தப் புழு எப்படி உடம்புக்குள் போகிறது என்பது தெரிய வந்ததே ஒரு விபத்தால். 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் புழுக் குஞ்சுகள் இருந்த நீரைக் கையில் சிந்திக்கொண்டார். தோல் அரித்தது. சில வாரத்தில் அவருடைய மலத்திலேயே முட்டைகள் தென்பட்டன. வாய் வழியாக மட்டும் வரும் என்று நம்பியிருந்த புழு தோலைத் துளைத்தும் வருகிறது. துளைத்த பிறகு அது போகும் வழிதான் விசேஷம். இரத்தக் குழாயில் ஏறி, இருதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய் ஒட்டிக்கொள்கிறது. தோல் வழியே வந்து குடலில் குடியேறும் ஒவ்வொரு புழுவும் ஒரு தடவை இருதயத்துக்குள் புகுந்து வெளியே வந்ததுதான்.

இருதயத்துக்கு அது செய்யும் தீங்கு அந்தப் பயணத்தில் இல்லை. ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சும் இரத்தம் சுமார் 0.03 மில்லிலீற்றர். ஒன்றிரண்டு புழுவால் ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கில், வருடக்கணக்கில் இருந்தால் இரும்புச் சத்து வடிந்து உடம்பு வெளுக்கிறது. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணு குறைந்தால் அதே வேலைக்கு இருதயம் கூடுதல் இரத்தத்தை அடித்தனுப்ப வேண்டும். அது வேகமாக அடிக்கிறது, விரிகிறது, கால் வீங்குகிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சோகை முற்றிய நோயாளியின் மார்பில் காது வைத்தால், வால்வில் ஒரு குறையும் இல்லாமலே முணுமுணுப்பு கேட்கும். கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏற முடியாமல் நிற்பவளைக் கங்காணி சோம்பேறி என்றான். அன்றைய பொருளாதார அறிக்கைகள் அதையே கொஞ்சம் நாகரிகமாக உழைப்புத் திறன் குறைவு என்று எழுதின. தோட்டத் துரைமார் இந்த இயக்கத்துக்குச் சம்மதித்ததில் அந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

மாத்தளையில் பரிசோதித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்துப் பிறகு மருந்து கொடுப்பதில் அர்த்தமில்லை என்ற நிலை சீக்கிரமே வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். முதலில் தைமோல், பிறகு கீனோபோடியம் என்ற செடியின் எண்ணெய், அதோடு பேதி மருந்து. இரண்டும் கடுமையானவை. கீனோபோடியம் அளவு மீறினால் தலை சுற்றும், காது கேட்காமல் போகும், உயிரும் போகலாம்.

பிறகு வந்தது கார்பன் டெட்ராகுளோரைட். துணியிலிருந்து எண்ணெய்க் கறை எடுக்கவும் தீயணைக்கவும் பயன்பட்ட திரவம். 1921இல் அமெரிக்கக் கால்நடைத் துறையின் மோரிஸ் ஹால் நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்து, தானும் விழுங்கிப் பார்த்து, புழுவுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்றார். மலிவானது, ஒரே வேளை போதும். ஆனால் கல்லீரலைக் கெடுக்குமா என்ற கேள்வி இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய இடங்களில் இலங்கையும் ஒன்று. தூக்குக்குக் காத்திருந்த கைதிகளுக்கு மருந்தைக் கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின் கல்லீரலை எடுத்துப் பார்த்தார்கள். டொகெர்ட்டி, பர்ஜெஸ் என்ற இருவர் எழுதிய அந்தக் கட்டுரை 1922இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. அன்றைய அறக்கோட்பாடு வேறு, இன்றையது வேறு என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனாலும், ஒரு நோய்க்குக் கொடுக்கும் மருந்து இன்னொரு உறுப்பை என்ன செய்கிறது என்று தனியாக எடுத்துப் பார்க்கும் பழக்கம் இந்தத் தீவில் தொடங்கிய விதம் இது. பின்னால் புற்றுநோய் மருந்துகளைப் பற்றிப் பேசும்போது அதே கேள்வி வேறு உருவில் வரும்.

இதில் பெண்களின் நிலை என்ன? கர்ப்பிணிகளுக்கும் இருதயம் பலவீனமானவர்களுக்கும் இந்த மருந்துகள் ஆகா என்றே அக்கால மருத்துவ நூல்கள் எச்சரித்தன. எச்சரிக்கை சரியானதுதான். ஆனால் மலையகத்தில் ஒரு பெண் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை பெரும்பாலும் ஒன்று கர்ப்பமாக இருந்தாள், அல்லது பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கர்ப்பத்தில் உடம்பின் இரத்த அளவு நாற்பது, ஐம்பது சதவீதம் கூடுகிறது. ஆரோக்கியமான இருதயம் அதைத் தாங்கும். சோகையால் ஏற்கெனவே விரிந்து போன இருதயம் எட்டாம் மாதத்திலோ பிரசவ வலியிலோ கையை விட்டுவிடும். மருந்து மிகத் தேவைப்பட்டவள் மருந்து வரிசைக்கு வெளியே நின்றாள். அவள் இறந்தால் பதிவேட்டில் பிரசவத்தில் இறந்தாள் என்றுதான் இருக்கும்.

மருந்து கொடுத்ததும் புழு போனது, வெறுங்காலில் அதே மண்ணை மிதித்ததும் திரும்ப வந்தது. கக்கூஸ் கட்டாமல் பூச்சி மருந்து மட்டும் கொடுப்பது வீண் என்று ராக்பெல்லர் ஆட்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், துரைமார் செலவுக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டங்களுக்குச் சில கடமைகளை விதித்திருந்தும் நடைமுறை தோட்டத்துக்குத் தோட்டம் வேறாக இருந்தது. ஒரு நோயை மட்டும் துரத்தினால் போதாது என்ற பாடத்திலிருந்து பிறந்ததுதான் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு. டாக்டர் எஸ்.எஃப். செல்லப்பாவின் பொறுப்பில் மருத்துவ அதிகாரி, தாதி, மருத்துவிச்சி, சுகாதாரப் பரிசோதகர் என்று ஒரு குழு ஒரு பிரதேசத்தை முழுதாகக் கவனிக்கும் ஏற்பாடு. இன்று தீவெங்கும் இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு, உக்குவளையில் இருப்பது உட்பட, மூத்தது அது. தோட்டங்கள் மட்டும் இந்த அமைப்புக்கு வெளியே பல பத்தாண்டுகள் கிடந்தன.

கர்ப்பிணிகளின் சோகையைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர் ஒரு பெண். லூசி வில்ஸ் 1928இல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்து பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களின் சோகையைப் பார்த்தார். நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் வேலை செய்தார். இரும்பு கொடுத்தும் தேறாத ஒரு வகைச் சோகை, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மார்மைட்டைக் கொடுத்ததும் தேறியது. அதிலிருந்த சத்து என்னவென்று பதினைந்து வருடத்துக்குப் பிறகுதான் தெரிந்தது: ஃபோலிக் அமிலம். அதை 1945இல் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்க லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

கதை இங்கேதான் திரும்புகிறது. இரத்தப் புற்று வந்த பிள்ளைகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் நோய் இன்னும் வேகமெடுப்பதை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் கவனித்தார். அப்படியானால் அதைத் தடுக்கும் மருந்து நோயையும் தடுக்குமா? சுப்பாராவின் குழு அமினோப்டெரினைச் செய்து அனுப்பியது. 1948 ஜூனில் வெளியான கட்டுரையில் 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததாக ஃபார்பர் எழுதினார். நவீன புற்றுநோய் மருந்துச் சிகிச்சையின் பிறந்த நாள் என்று பலர் குறிப்பது அதைத்தான். இரண்டு மாதத்தில், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இருதயம் நின்று இறந்தார். கூலிப் பெண்களின் சோகையைத் தேடிப் போன ஆராய்ச்சி புற்றுநோய் மருந்தில் வந்து முடிந்திருக்கிறது. அந்தப் பம்பாய்ப் பெண்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

சோகையால் கெடும் இருதயம் சோகை தீர்ந்தால் பெரும்பாலும் தேறிவிடும். வாதக் காய்ச்சல் அப்படி விடாது. பிள்ளை வயதில் தொண்டை நோவு, சில வாரத்தில் மூட்டு வீக்கம், பிறகு எல்லாம் சரியாகிவிட்டது போலிருக்கும். பத்து, இருபது வருடத்தில் இருதயத்தின் மிட்ரல் வால்வு தடித்துச் சுருங்கியிருக்கும். நெருக்கமான காம்பராவில் ஐந்தாறு பிள்ளைகள் ஒன்றாகப் படுக்கும் இடங்கள் இந்நோயின் தாய்வீடு. வால்வுச் சுருக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பலருக்கு அது முதலில் தெரிய வருவது முதல் கர்ப்பத்தில்தான்.

1925இல் லண்டன் மருத்துவமனையில் ஹென்றி சௌட்டர் ஓர் இளம்பெண்ணின் இருதயத்துக்குள் விரலை விட்டு அந்த வால்வை விரித்தார். அவள் பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மருத்துவரும் இன்னொரு நோயாளியை அவரிடம் அனுப்பவில்லை. 1948இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் பெய்லி செய்த பிறகே வழி திறந்தது. தமிழர் பக்கத்தில் இந்தச் சிகிச்சைக்குப் பெயர் வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் மார்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஹெலன் டாசிக்கிடம் பயின்று வந்த கமலா வைத்திலிங்கம் இருதயத் துறையைக் கட்டினார். அந்த மருத்துவமனையின் ஸ்டேன்லி ஜோனும் சகாக்களும் 1983இல் 'சர்க்குலேஷன்' இதழில் வெளியிட்ட கட்டுரை, தொடர்ச்சியாக 3,724 பேருக்குச் செய்த மிட்ரல் வால்வு விரிப்பின் கணக்கு. மேலைநாடுகளில் வாதக் காய்ச்சல் மறைந்துகொண்டிருந்த நேரத்தில் உலகின் மிகப் பெரிய அனுபவங்களில் ஒன்று வடாற்காட்டில் சேர்ந்திருந்தது. இலங்கையில் இதற்குப் பதில் கத்தியைவிட ஊசியாகவே அமைந்தது. வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின், வருடக்கணக்கில். தவறாமல் கிளினிக் வந்து அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட பிள்ளைகள்தான் பின்னால் வால்வு கெடாத தாய்மாராக வந்தார்கள்.

அடுப்புப் புகையைப் பற்றிச் சொல்ல ஒரு பெயர் போதும்: எஸ். பத்மாவதி. 1917இல் பர்மாவில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்து, ஜப்பானியப் படை வந்தபோது தாயோடும் சகோதரிகளோடும் கோயம்புத்தூருக்குத் தப்பி வந்தவர். லண்டன், பால்டிமோர், பாஸ்டன் என்று படித்துவிட்டு 1953இல் டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1959இல் அவரும் பாத்தக்கும் எழுதிய கட்டுரை, நுரையீரல் கெட்டு அதனால் இருதயத்தின் வலப்பக்கம் வீங்கிய 127 நோயாளிகளைப் பற்றியது. மேலைநாட்டில் அது புகைபிடிக்கும் ஆண்களின் நோய். டில்லியில் பெண்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு இருந்தது. அந்தப் பெண்களில் புகைபிடிப்பவர்கள் சொற்பம். சாணி வரட்டியும் விறகும் எரியும் அடுப்பின் முன் இருபது வருடம் உட்கார்ந்ததுதான் காரணமாக இருக்கும் என்று அவர்கள் எழுதினார்கள். பீடி பிடிக்காத பெண்ணின் நெஞ்சு எப்படி இப்படிக் கெட்டது என்று கேட்க, சமையலறைக்குள் போய் வந்த ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். பத்மாவதி 2020 ஆகஸ்டில், 103 வயதில், கொரோனாவால் இறந்தார். மலையகத்து லயக் காம்பராக்களில் விறகடுப்பு இன்னும் அணையவில்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது உலகத்தின் பெரிய இருதய ஆராய்ச்சிகள் யாரைப் பார்த்தன? 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் தொடங்கிய ஆய்வு 5,209 பேரைச் சேர்த்தது. அதில் பாதிக்கு மேல் பெண்கள் என்பது அந்தக் காலத்துக்கு அபூர்வம். பிறகு வந்தவை அந்த வழியில் போகவில்லை. கொலஸ்ட்ரோல், பிரஷர், சிகரெட் மூன்றையும் குறைத்தால் மாரடைப்புக் குறையுமா என்று பார்த்த 1982ஆம் ஆண்டின் பெரிய அமெரிக்கச் சோதனையில் 12,866 பேர், அத்தனை பேரும் ஆண்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பிரின் எடுத்தால் நல்லதா என்று சோதித்த 22,071 மருத்துவர்களும் ஆண்கள். 1977இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களை ஆரம்பக் கட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றே வழிகாட்டியது. நோக்கம் பாதுகாப்பு. விளைவு, பெண்ணுக்கு எந்த அளவு சரி என்பது தெரியாமலே மருந்து கடைக்கு வந்தது. மாத்தளை மருந்து வரிசையில் கர்ப்பிணியை ஒதுக்கி நிறுத்திய அதே நியாயம் இது. இருதய நிபுணர் பெர்னடைன் ஹீலி 1991இல் இதைப் பகிரங்கமாகக் கேட்டார். ஆணைப் போலவே நோய் காட்டினால்தான் பெண்ணுக்கு ஆணுக்குரிய வைத்தியம் கிடைக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1993இல் வந்தது.

மாரடைப்பு வரும் பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும் என்று கட்டாயமில்லை. பலருக்கு நெஞ்சு வலி இருக்கத்தான் செய்யும். அதோடு, சில வேளை அது இல்லாமலே, களைப்பு, மூச்சுத் திணறல், தாடை நோவு, முதுகு நோவு, குமட்டல் வரும். மலையகத்தில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர் வாய்வு. ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு மலைக்குப் போய்விடுவார்கள். சலீம் யூசுப் தலைமையில் இலங்கையும் பங்கெடுத்து, 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானபோது இரண்டு விஷயம் தெளிவாயிற்று. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட முந்தி வருகிறது. பெண்களுக்கு ஆண்களைவிடச் சுமார் ஒன்பது வருடம் பிந்தி வருகிறது, ஆனால் பிரஷரும் சீனியும் இருந்தால் ஆணைவிடப் பெண்ணை அவை அதிகம் தாக்குகின்றன.

புற்றுநோய்ப் பக்கத்துக்கு வருவோம். இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகத்தில். மாத்தளைக்காரர்கள் இதற்குக் கண்டி ஆஸ்பத்திரிக்கோ மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போகிறார்கள். அங்கே பலருக்கு ஏற்றப்படுவது நரம்பு வழியே இறங்கும் ஒரு சிவப்பு மருந்து, டொக்ஸோருபிசின். 1960களில் இத்தாலிய ஃபார்மித்தாலியா நிறுவனத்தார் கண்டெடுத்த வகையைச் சேர்ந்தது. அந்த வகையின் முதல் மருந்தைத் தந்த கிருமி, ஆட்ரியாட்டிக் கரைப் பக்கம் காஸ்தெல் தெல் மோந்தே என்ற பழைய கோட்டையின் சுற்றுப்புற மண்ணில் கிடைத்தது. சிவப்பு மருந்து கட்டியை நன்றாகக் கரைத்தது. சில நோயாளிகளுக்கு மாதங்கள் கழித்து இருதயம் பலூன் போல விரிந்து களைத்தது.

1979இல் டேனியல் வான் ஹாஃப் குழு ஏறக்குறைய நாலாயிரம் பேரின் பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்தது. மொத்தத்தில் 2.2 சதவீதம் பேருக்கு இருதயச் செயலிழப்பு. சதுர மீற்றருக்கு 550 மில்லிகிராம் என்ற மொத்த அளவை எட்டியவர்களுக்கு ஆபத்து 7 சதவீதம். உலகமெங்கும் அந்த எண்ணே எல்லைக் கோடாயிற்று. 2003இல் சாண்ட்ரா ஸ்வெய்ன் குழு, முறைப்படி கண்காணித்த சோதனைகளின் தரவை எடுத்துப் பார்த்தபோது அதே அளவில் ஆபத்து 26 சதவீதம் என்று வந்தது. மருந்து மாறவில்லை. பழைய கோப்பில் புற்றுநோய் மருத்துவர் எழுதாமல் விட்ட மூச்சு வாங்கலும் கால் வீக்கமும் இப்போது எண்ணப்பட்டன. அவ்வளவுதான் வித்தியாசம். களைப்பு என்றால் புற்றுநோய்க்காரிக்குக் களைப்பு இருக்காதா என்று விட்டுவிடுவது எளிது. சோகைக்காரியையும் அப்படித்தான் விட்டார்கள்.

பிறகு வந்த ட்ரஸ்டுசுமாப் இன்னொரு அதிர்ச்சி. ஒரு வகை மார்பகப் புற்றில் உயிர்காக்கும் மருந்து அது. சிவப்பு மருந்து வகையோடு சேர்த்துக் கொடுத்தபோது 27 சதவீதம் பேருக்கு இருதயக் கோளாறு தென்பட்டதாக 2001ஆம் ஆண்டின் முக்கியச் சோதனை காட்டியது. நல்ல வேளை, இந்தச் சேதம் மருந்தை நிறுத்தினால் பலருக்குத் திரும்பிவிடும். கதிர்வீச்சு வேறு தினுசு. சாரா டார்பி குழு சுவீடனிலும் டென்மார்க்கிலும் 2,168 பெண்களை ஆராய்ந்து 2013இல் எழுதியது: இருதயத்துக்குப் படும் சராசரிக் கதிரில் ஒவ்வொரு கிரே கூடும்போதும் மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் 7.4 சதவீதம் அதிகரிக்கின்றன. ஐந்து வருடத்துக்குள்ளேயே தொடங்கும், இருபது வருடமும் தொடரும். இடது மார்பில் நோய் வந்தவளின் இருதயத்துக்குத்தான் வழக்கமாகக் கூடுதல் கதிர் படும். மூச்சை இழுத்துப் பிடித்தால் இருதயம் மார்புச் சுவரிலிருந்து சற்று விலகும். அந்த நேரம் பார்த்துக் கதிர் கொடுப்பது இன்று பல இடங்களில் வழக்கம்.

முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் அவர் சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்தில் வாழ்நாளைக் கழித்த டாக்டர் வி. சாந்தாவின் காலத்தில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நோயாளி பிழைப்பாளா. பிழைத்தவள் பதினைந்து வருடம் கழித்து எப்படி இருப்பாள் என்ற கேள்வி பிழைப்பவர்கள் பெருகிய பிறகே வரும். அதனால் இருதயமும் புற்றும் சேர்ந்த இந்தத் துறை இளையது. ஐரோப்பிய இருதயவியல் சங்கம் இதற்கென முழுமையான முதல் வழிகாட்டியை வெளியிட்டதே 2022இல்தான். சிகிச்சைக்கு முன் இ.சி.ஜி., எக்கோ, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் பார். ஆபத்து எவ்வளவு என்று தரம் பிரி. நடுவிலும் முடிவிலும் திரும்பப் பார் என்கிறது அது. பிரஷர் கட்டுக்கடங்காத பெண்ணுக்குச் சிவப்பு மருந்தின் ஆபத்து கூடும். ஆகவே மகரகமவில் என்ன நடக்கும் என்பதில் ஒரு பாதி உக்குவளைக் கிளினிக்கிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

கிளினிக் பக்கம் ஒரு நல்ல செய்தி உண்டு. பிரஷருக்கு மூன்று மருந்தைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தால் என்ன என்று சோதித்த டிரையம்ஃப் ஆய்வு நடந்தது இலங்கையின் அரச மருத்துவமனைக் கிளினிக்குகளில். 700 நோயாளிகள், அவர்களில் 58 சதவீதம் பெண்கள். ஆறு மாதத்தில் ஒற்றைக் குளிசைக்காரர்களில் 70 சதவீதம் பேருக்குப் பிரஷர் இலக்குக்குள் வந்தது, வழக்கமான வைத்தியத்தில் 55 சதவீதம். 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. ஆண்களை மட்டும் சேர்த்துக்கொண்டு ஆராய்ந்த காலத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தால் ஒரு திருப்தி வரத்தான் செய்கிறது. கிளினிக் கொப்பியோடு காலை ஆறு மணிக்கே வரிசையில் நிற்பவர்களில் பெண்கள் அதிகம் என்பது ஆஸ்பத்திரிப் பக்கம் போன எவருக்கும் தெரியும். ஆய்வாளர்கள் அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

இன்னொரு பதிவேடும் மாறியிருக்கிறது. 1930களில் இலங்கையில் ஆயிரம் பிறப்புக்கு இருபது தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். இன்று ஓர் இலட்சம் பிறப்புக்குச் சில பத்துப் பேர்தான். இரத்தப்போக்கும் கிருமித் தொற்றும் குறையக் குறைய, இருதய நோய் தாய் மரணத்தின் முன்னணிக் காரணங்களில் ஒன்றாக மேலே வந்து நிற்கிறது. ஒவ்வொரு தாய் மரணமும் விசாரிக்கப்பட்டுக் காரணம் எழுதப்படும் நாடு இது. அதனால்தான் பிரசவத்தில் இறந்தாள் என்ற பழைய வரிக்குக் கீழே ஒளிந்திருந்த வால்வுச் சுருக்கமும் களைத்த இருதயமும் வெளியே தெரிந்தன.

இப்போது கிளினிக் வரிசையில் புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். எட்டு வயதில் இரத்தப் புற்று வந்து, மகரகமவில் சிவப்பு மருந்து வகை ஏற்றிக் குணமாகி, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் செய்து, இருபத்தைந்து வயதில் கர்ப்பிணியாகக் கிளினிக்குக்கு வரும் பெண். 2022 வழிகாட்டி இவளைத் தனியாகக் குறிப்பிடுகிறது: இருதயத்தைப் பாதிக்கும் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவள் கர்ப்பத்துக்கு முன்போ முதல் மூன்று மாதத்திலோ இருதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆபத்து அதிகமென்றால் இருபதாம் வாரத்தில் எக்கோ பார்ப்பதையும் யோசிக்கச் சொல்கிறது. இதற்கெல்லாம் முதலில் யாராவது அவளிடம் கேட்க வேண்டும். முதல் வரவில் பதிவு எழுதும் மருத்துவிச்சியம்மா பிரஷர், சீனி, முந்திய பிரசவம் எல்லாம் கேட்பார். சின்ன வயதில் புற்றுநோய் வைத்தியம் ஏதும் எடுத்ததுண்டா என்று கேட்டு, உண்டென்றால் கண்டிக்கு எக்கோவுக்குத் துண்டு எழுதிக் கொடுக்க அரை நிமிடம் கூடப் பிடிக்காது. பிள்ளைப் பருவத்து வைத்தியக் கொப்பியைத் தாய்மார் பத்திரமாக வைத்திருந்தால் மருந்தின் மொத்த அளவும் அதிலேயே இருக்கும்.